முடிக்கத் தெரியாதவன் கட்டின காப்பு

இன்னாடா கண்ணு, மூஞ்சி இப்படி சுருங்கிப் போய்க் கீது? ஆபீசுல வேலைய வுட்டு எடுத்துட்டானா? இல்லியா? பொண்டாட்டி கோச்சிக்கினு ஆவடிக்கு அவங்க அம்மா வூட்டுக்குப் பூட்டாளா? அதுவும் இல்லியா? அப்புறம் இன்னாத்துக்கு இந்த எழவு வூட்டு மூஞ்சி?

"ஆயா, டிவியில எதுவுமே பாக்கப் புடிக்கல"ன்றியே, இத்தச் சொல்லவா அம்பத்தூர்லேந்து திருமழிசைக்கு வண்டி ஓட்டிக்கினு வந்த? சேந்தாப்புல இன்னொண்ணு வேற சொல்ற, "தீபாவளி, பொங்கலெல்லாம் முன்ன மாதிரி இல்ல, எல்லாம் வியாபாரமாப் பூடுச்சு"ன்னு. ரெண்டு நோவுக்கும் மருந்து ஒண்ணுதான். குந்து. துட்டு வேணாம், வெத்தல மட்டும் காம்பு கிள்ளிக் குடு.

மொதல்ல டிவி. எத்தப் பாத்து சலிச்சிப் போன? பிக் பாஸா? அந்த வூடு எங்க கீதுன்னு தெரியுமாடா உனக்கு? தோ, நம்ம பூந்தமல்லி தாண்டி செம்பரம்பாக்கத்துல, ஈவிபி பிலிம் சிட்டிக்குள்ள. முன்ன ராட்டினம் சுத்துன எடம் அது. நீ சோபாவுல சாஞ்சிக்கினு என்னமோ சீமையில நடக்கற மாதிரி பாக்கற. எங்களுக்கு அது பஸ்சுல போற வழி. 2017ல கமலகாசன் வந்து ஆரம்பிச்சப்போ அந்த ஓவியாப் பொண்ணு வெளிய போனதுக்கு நீ சரியா சோறு கூடத் துன்னல. உங்க அம்மா என்னாண்ட போன் போட்டு அழுதா. 2024லேந்து விஜய் சேதுபதி வந்து கேள்வி கேக்கறாரு. ஆள் மாறுனாலும் ஆட்டம் அதேதான். சனி, ஞாயிறு ஒருத்தர் வந்து கண்டிக்கிறாரு, உள்ள கீறவன் தலைய ஆட்டறான், திங்கக்கெழம மறுபடி அடிச்சிக்கிறான். எங்க தெருக் கொழாயடியில பாக்காத சண்டையா? அங்க அவளுங்க நம்மாண்ட ஓட்டும் கேக்க மாட்டாளுங்க.

அதே செம்பரம்பாக்கத்துல இன்னொண்ணும் ஓடுது, தெரியுமா? ஏரி. 2020லேந்து கணக்குப் பாரு, அக்டோபர்ல பிக் பாஸ் வூட்டக் கதவ சாத்தறான், பொங்கல ஒட்டித் தொறக்கறான். ஏரி நெறையறதும் அதே மாசத்துலதான். 2020 நவம்பர் 25, நிவர் புயல் வந்த அன்னிக்கு ஏரி 22 அடியத் தொட்டுது, மதகத் தொறந்தாங்க. 2015 டிசம்பர்ல நொடிக்கு 29,000 கன அடி தண்ணி வுட்டு அடையாத்தங்கரையே முழுகிப்போச்சே, அதுக்கப்புறம் அன்னிக்குத்தான் தொறந்தது. அந்த ராத்திரி இந்தப் பக்கத்துல எவன் வெளியேறினான், எவன் உள்ள கீறான்னு யாரும் கேக்கல. ஏரி மட்டம் எவ்ளோன்னுதான் கேட்டாங்க. அந்த ஏரிக்கு 24 அடின்னு ஒரு மட்டு வச்சிருக்கான். அதுக்கு மேல ஒரு சொட்டு தாங்காதுன்னு கரைக்குத் தெரியும், மதகாண்ட நிக்கறவனுக்குத் தெரியும். உன் டிவிக்கு அந்த மட்டு எவனும் வைக்கல. அதாண்டா உன் நோவு.

நான் பாக்காத நாடகமா? 1975ல மெட்ராசுக்கு தூர்தர்ஷன் வந்தப்போ எங்க தெருவுல ஒரு வூட்லயும் பொட்டி இல்ல. ரொம்ப நாள் கழிச்சி வாத்தியார் வூட்ல வாங்குனாங்க. வெள்ளிக்கெழம ஒளியும் ஒலியும் பாக்க மொத்தத் தெருவும் அங்கதான் கூடும். முடிஞ்ச ஒடனே வாத்தியார் சம்சாரம் பட்டுனு சுவிச்ச அணைச்சிட்டு, "போங்கடி, போய் ஒலை வைங்க"ன்னு தொரத்திடும். அடுத்த வெள்ளி வரைக்கும் அந்தப் பாட்ட மொணகிக்கினே கயனியில களை எடுப்போம். பாத்தது கொஞ்சம், பேசுனது ஜாஸ்தி.

1993 ஏப்ரல் 14, தமிழ் வருசப் பொறப்பு அன்னிக்கு சன் டிவி வந்துது. நல்ல நாள்ல பொறந்த புள்ளையாச்சா, நல்ல நாளெல்லாம் தன் பேருக்கு எழுதி வச்ச சொத்துன்னு நெனச்சிக்கிச்சு. 1999ல சித்தி. அப்புறம் 2002ல மெட்டி ஒலி. அஞ்சு பொண்ணப் பெத்த சிதம்பரத்த நெனச்சி, ஒரு பொண்ணுக்கூடப் பெக்காதவளுங்க எல்லாம் மூக்கச் சிந்துனாளுங்க. கோலங்கள் 2003ல ஆரம்பிச்சுது, 2009லதான் முடிஞ்சுது. ஆரம்பிச்சப்போ நீ டவுசர் போட்டுக்கினு இருந்த, முடியறப்போ உனக்கு மீச அரும்பிடுச்சு. கடைசியில அந்தக் கதாநாயகி அபிக்கு இன்னா ஆச்சுன்னு இப்பக் கேட்டா எனக்குத் தெரியாது. ஆனா ஒரு நாள் வுடாமப் பாத்தேன். ஏன் பாத்தேன்? அது ஓடிச்சு, நான் குந்தினு இருந்தேன். அவ்ளோதான் காரணம்.

அந்தக் கோலங்கள் எடுத்த திருச்செல்வம்தான் 2022ல எதிர்நீச்சல் கொண்டாந்தாரு. ஆதி குணசேகரனா மாரிமுத்து. அடேயப்பா! அந்த மனுசன் "இந்தாம்மா ஏய்"ன்னு ஒரு கொரல் குடுத்தா, அடுப்பாண்ட நிக்கறவ கூட கரண்டியோட ஓடியாருவா. எதுக்கு? திட்டறதுக்கு. தெருப் பொம்பளைங்க மொத்தப் பேரும் அவரு வாயில தெனம் மண்ண வாரிப் போட்டோம். 2023 செப்டம்பர் 8 அன்னிக்கு, அந்த நாடகத்துக்கே டப்பிங் பேசப் போன எடத்துல ஒடம்பு முடியாமப் போய் செத்துட்டாருன்னு நியூஸ்ல போட்டான். நேத்து வரைக்கும் "நாசமாப் போவ"ன்னு சாபம் வுட்டவளுங்க எல்லாம் முந்தானைய வாயில வச்சிக்கினு அழுதாளுங்க. எதிர் வூட்டுக் கெழவி நைசா என் காதாண்ட வந்து, "நம்ம சாபம்தான் பலிச்சிருச்சோ?"ன்னா. "உன் சாபம் பலிக்கறதா இருந்தா உன் மருமவ எப்பவோ பூட்டிருப்பா, போடி"ன்னேன்.

அப்புறம் வேல ராமமூர்த்தி அந்த வேசத்துக்கு வந்தாரு. மீச பெருசு, கொரல் பெருசு, கதை எல்லாம் எழுதற மனுசனாம். அவருமேல கொறையே சொல்ல முடியாது. ஆனா எங்களுக்குத் திட்டிப் பழகின மூஞ்சி வேற. திட்டு ஒட்டல. 2024 ஜூன்ல நாடகத்த முடிச்சாங்க. அப்பாடான்னு நிமிந்தேன், டிசம்பர்லயே திரும்ப வந்து நிக்குது. இந்த வாட்டி பேரு இன்னா தெரியுமா? "எதிர்நீச்சல் தொடர்கிறது". பேருலயே மெரட்டல்! அந்தப் பாண்டியன் ஸ்டோர்ஸ் இன்னும் மோசம். 2018ல ஆரம்பிச்சி 2023 அக்டோபர்ல முடிச்சான், அதே அக்டோபர்லயே ரெண்டாம் பாகம். காரியத்துக்கு மொட்ட போட்டவன் தலையில முடி மொளைக்கறதுக்குள்ள மறுபொறப்பு. மொத பாகத்துல அண்ணனா இருந்தவரு ரெண்டாம் பாகத்துல அப்பனாயிட்டாரு. நாம பாத்துக்கினு இருந்தா மூணாம் பாகத்துல தாத்தாவா வருவாரு.

அதனால சொல்றேன், உனக்கு சலிப்பு வந்துச்சுன்னா சாமிக்குத் தேங்கா ஒட. முடிக்க வேண்டியவன் முடிக்கல, உன் கண்ணாவது முடிச்சிக்கிச்சே. "இவ்ளோ வருசம் பாத்துட்டனே ஆயா, பாதியில எப்படி வுடறது?"ன்னு இழுக்காத. நீ இன்னா தாலியா கட்டிக்கின? பாத்ததுக்கு எவனும் ரசீது குடுக்கப் போறது இல்ல. இன்னொண்ணு, வுட்டா சத்தம் போடாம வுடு. "நான்லாம் சீரியல் பாக்கறதே இல்ல"ன்னு போற எடமெல்லாம் பீத்திக்கினு திரியாத. பாக்கறவன் அர மணி நேரம்தான் பாக்கறான், பாக்காதவன் நாள் பூரா அதயே பேசறான்.

சரி, இப்போ உன் ரெண்டாவது நோவு. எங்க காலத்துல பண்டிகையில வியாபாரமே இல்லன்னு எவண்டா உனக்குச் சொன்னான்? தீபாவளிக்கு மாசம் இருக்கறப்பவே பூந்தமல்லியிலேந்து தவணக்காரரு சைக்கிள்ல மூட்டைய வச்சிக்கினு வந்துடுவாரு. ஒரே பீஸ் துணிய வாங்கிக் கிழிச்சா, உங்க தாத்தாவுக்குச் சட்ட, உங்க அப்பனுக்கு டவுசர், மிச்சம் இருந்தா தலகாணி உறை. ஊரே கூடி நின்னா, எவன் எந்த வூட்டுப் புள்ளன்னு துணிய வச்சே கண்டுபுடிச்சிடலாம். அந்தக் கடன அடைக்கப் பொங்கல் வந்துடும்.

உங்க தாத்தா இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுல லேத்துப் பட்டறைக்குப் போனாரே, போனஸ் வந்தாத்தான் எங்களுக்குத் தீபாவளி. 1965ல போனசுக்குச் சட்டம் போட்டான், மிஞ்சிப்போனா 20 சதவீதம்னு. கொறஞ்சது பின்னாலதான் 8.33 சதவீதம் ஆச்சு. அந்த எட்டே சொச்சம் இன்னா கணக்குன்னா, வருசச் சம்பளத்துல பன்னண்டுல ஒரு பங்கு, அதாவது ஒரு மாசச் சம்பளம். அதுக்கு மேல எவ்ளோன்னு யூனியன்காரங்க பேச, மொதலாளி கையை விரிக்க, கேட்டாண்ட கொடி புடிக்க, தெனம் சாயங்காலம் தாத்தா வந்து கதை சொல்லுவாரு. எந்த நாடகமும் கிட்ட நிக்க முடியாது. ஏன்னா அதுக்குத் தீபாவளின்னு ஒரு கெடு இருந்துது. அதுக்குள்ள முடிஞ்சாவணும்.

ஆயுத பூஜைக்கு ஒரு வாட்டி என்னயும் பட்டறைக்குக் கூட்டிம்போனாரு. வருசம் பூரா கத்திக்கினு கெடந்த மிசினு, சந்தனப் பொட்டு வச்சிக்கினு மவராசி மாதிரி கம்முனு நிக்குது. வாசல்ல பூசணிக்கா ஒடச்சி, ஆளுக்கு ஒரு பொட்டலம் பொரிகடலை குடுத்தாங்க. அந்தச் சத்தமில்லாத பட்டறையப் பாத்தப்பத்தான் உங்க தாத்தா ஏன் வூட்ல இப்படிக் கத்திக் கத்திப் பேசறாருன்னு எனக்கு வெளங்குச்சு.

ஆடித் தள்ளுபடியத் திட்டற இல்ல? அதுக்கும் ஒரு நாயம் இருந்துது. ஆடியில வெதைக்கணும், கையில கீற துட்டெல்லாம் கயனிக்குப் பூடும். கல்யாணம் காட்சி கெடையாது. ஜவுளிக் கடக்காரன் ஈ ஓட்டுவான். தேங்குன சரக்கக் கழிக்க வெலையக் கொறச்சான். அவனுக்கும் புள்ள குட்டி இல்லியா? நானே போன ஆடிக்கு ஒரு பொடவ எடுத்தேன். தள்ளுபடி போக வெல சொன்னான். ஓரத்துல ஒரு இழை இழுத்துக்கினு கெடந்துது, அத்தக் காட்டி இன்னும் கொஞ்சம் கொறச்சேன். வூட்டுக்கு வந்து அந்த இழையக் கத்திரியில வெட்டிட்டேன். இப்போ உன் கண்ணுக்குத் தெரியுதா, சொல்லு பாப்போம்?

அட்சய திருதியைன்னு ஒண்ணு கெளப்புனாங்களே, அத்த நெனச்சாத்தான் எனக்கு மெய்யாலுமே ஆச்சரியம். சித்திர வளர்பிறையில மூணாம் நாள், தானம் பண்ணா புண்ணியம்னு கோயில்ல சொல்லுவாங்க. எங்க மாமியா காலத்துல அதுக்கும் நகைக் கடைக்கும் ஸ்நானப் பிராப்தி இல்ல. குடுக்கற நாள வாங்கற நாளாத் திருப்பிப் போட்டான் பாரு, அவன் மூளைக்கு ஒரு கும்புடு போடணும். இப்போ அம்பத்தூர்ல விடியக்காலையில நகைக் கட வாசல்ல வரிசை நிக்குது. குண்டுமணித் தங்கம் வாங்குனாலும் போதும், வருசம் பூரா சேருமாம். யாருக்குச் சேருதுன்னு அவனும் சொல்லல, நீங்களும் கேக்கல.

அப்போ இன்னாதான் கெட்டுச்சுன்றியா? வியாபாரம் வந்ததால கெடல. வந்த வியாபாரி வூட்டுக்குப் போவ மாட்டேன்றான், அதான் கெட்டுச்சு. தவணக்காரரு தீபாவளி அன்னிக்கு மூட்டையக் கட்டி வச்சிட்டு அவரு வூட்ல எண்ண தேச்சிக் குளிச்சாரு. இப்போ ஆடித் தள்ளுபடி ஆனியிலயே ஆரம்பிக்குது. "கடைசி மூணு நாள்"னு கட்டுன பேனரு ஆவணியிலயும் காத்துல ஆடுது. அத்த அவுக்கறதுக்குள்ள பக்கத்துலயே தீபாவளி பேனரு. ரெண்டு பேனர்லயும் அதே பொண்ணுதான் சிரிக்குது, பொடவதான் வேற.

திருவேற்காட்டுல கருமாரி கோயிலுக்கு ஆடியில போயிருக்க இல்ல? நம்ம தெரு அம்மனுக்குக் கூழ் ஊத்தறதயாவது பாத்திருப்ப. எப்படிக் காச்சறதுன்னு கேட்டா முழிப்ப. கேவுரு மாவ மொத நாளே கரைச்சிப் புளிக்க வைக்கணும். மறுநாள் நொய்ய வேக வச்சி, புளிச்ச மாவ அதுல ஊத்தி, கட்டி தட்டாமத் துடுப்பு போட்டுக் கிண்டணும். கிண்டறப்போ கையை எடுத்தியோ, அடி புடிச்சிக்கும். தோள்பட்ட கழண்டு போவும். ஆறுனப்புறம் மோரு வுட்டுக் கரைச்சி, சின்ன வெங்காயம் அரிஞ்சி போட்டு அண்டாவுல ரொப்புனா, கருவாட்டுக் கொழம்பு வாசனைக்கே தெரு கூடிடும். பேனர்ல துட்டு குடுத்தவன் படம் அம்மனை வுடப் பெருசா கீது, மெய்தான். ஆனா கூழ் வாங்க சொம்ப நீட்டறவன் எவனும் பேனரப் பாக்கறது இல்ல.

முக்கியமானது இன்னான்னா, அம்மனுக்குக் காப்பு கட்டறப்பவே அவுக்கற நாளயும் சொல்லிப்புடுவாங்க. அது வரைக்கும் ஊர்க்காரன் ராத்திரி வெளியூர்ல தங்க மாட்டான், கவுச்சி தொட மாட்டான். அவுத்தாச்சுன்னா அண்டாவக் கவுத்துட்டு அவனவன் பொழப்பப் பாக்கப் போவான். புள்ளையாரக் கொடை புடிச்சிக் கூட்டியாந்து கொழுக்கட்ட குடுத்துட்டு, அப்புறம் தண்ணியில கரைச்சிடறோம். கொலு வைக்கறவங்க விஜயதசமி ராத்திரி ஒரு பொம்மையப் படுக்க வச்சிடறாங்க. மார்கழி முடியுதுன்னா போகி கொளுத்தறோம். பெரியவங்க பண்டிகைய ஆரம்பிக்க மட்டும் சடங்கு வைக்கல கண்ணு, முடிக்கவும் வச்சாங்க. முடியும்னு தெரிஞ்சாத்தான் மனுசன் ஓடி ஓடி அனுபவிப்பான். நாளைக்கும் கீதுன்னா இன்னிக்கு எவன் எழுந்திருப்பான்?

டிவிக்காரனுக்கு அது ஆவாது. நம்ம வூட்ல தீபாவளி ஒரு நாள், நாடகத்து வூட்ல தல தீபாவளி ரெண்டு வாரம். மாப்ள ஒரு காலத் தூக்கி வாசப்படியில வைக்கறதுக்குள்ள மூணு வாட்டி விளம்பரம். பண்டிகை அன்னிக்குக் காலையில சாலமன் பாப்பையா பட்டிமன்றம். அவரு பேச்சக் கேக்க எனக்குக் கொள்ள ஆச. ஆனா கரெக்டா வடை போடற நேரத்துக்கு வச்சிடறான். கலைஞர் டிவி 2007ல வந்துதே, அதுல தீபாவளின்னே சொல்ல மாட்டாங்க, "விடுமுறை தினச் சிறப்பு நிகழ்ச்சிகள்"னுவாங்க. அப்போ சிரிச்சேன். இப்போ யோசிச்சா அவங்கதான் உண்மையச் சொல்லிட்டாங்க போல. எல்லா டிவியிலயும் பண்டிகை பூடுச்சு, விடுமுறை மட்டும்தான் கீது. பட்டாசுக்கும் 2018லேந்து காலையில 6லேந்து 7, ராத்திரி 7லேந்து 8ன்னு நேரம் குறிச்சிட்டாங்க. எல்லாரும் திட்டறாங்க. எனக்கு அதுல புடிச்சதே அந்த எட்டு மணிதான். எவனாவது ஒருத்தன் போதும்னு சொன்னானே!

உனக்கு இன்னொண்ணு சொல்றேன், இது நையாண்டி இல்ல. ஜவுளிக் கடையில பொடவ பிரிச்சிப் போடுதே அந்தப் பொண்ணு, அது குந்தறதுக்கு ஒரு ஸ்டூல் குடுக்கணும்னு 2021லதான் நம்ம ஊர்ல சட்டமே போட்டாங்க. அது வரைக்கும் நாள் பூரா நின்ன கால்லதான் உங்க பண்டிகை நடந்துது. இப்பயும் நான் கடைக்குப் போனா பொடவையப் பாக்கறதுக்கு முன்ன ஸ்டூலத்தான் தேடுவேன். சில கடையில கீது. சில கடையில அதும்மேல அட்டப் பொட்டிய அடுக்கி வச்சிருக்கான். நீ இன்னா பண்ற? தீபாவளிக்கு மொத நாள் ராத்திரி பத்து மணிக்குப் போய் நின்னுக்கினு, "எல்லாம் வியாபாரமாப் பூடுச்சு"ன்னு பெருமூச்சு வுடற. அந்தப் பொண்ணு எப்போ வூட்டுக்குப் போயி, எப்போ தலைக்கு எண்ண வைக்கும்? வாங்கு, வாணாம்னு சொல்லல. முன்னாடியே போய் வாங்கித் தொல. நாலு பேரு அப்படிப் பண்ணா அவன் நேரத்தோட கடைய சாத்துவான்.

அப்புறம், பண்டிகை அன்னிக்கு ஒரே ஒரு வேலைய உன் கையால பண்ணு. எண்ண காய வை, மாவாட்டு, மாட்டுக் கொம்புக்கு வர்ணம் அடி. உங்க அபார்ட்மெண்டுல மாடு இல்லன்னா இங்க வா, ஏரிக்கரையில இன்னும் நாலு மாடு கீது. செஞ்சு முடிச்சியா, ராத்திரியோட மூட்ட கட்டு. மறுநாளும் அதே லட்டு, அதே போட்டோன்னு இழுக்காத. தல தீபாவளிக்கு எடுத்த போட்டோவ நீ இன்னும் மாத்தி மாத்திப் போட்டுக்கினு கீறியாமே, உன் மாமியா சொல்லிச் சிரிக்குது.

உன் பொண்டாட்டி இன்னும் ஆசையாப் பாக்கறான்னா, நடுவுல பூந்து "இதெல்லாம் ஒரு கதையா"ன்னு வாயத் தொறக்காத. அவளுக்கு சலிக்கறப்போ சலிக்கட்டும். உன் சலிப்ப அவ தலையில கட்டறது, உனக்குப் புடிக்காத கொழம்ப அவள ஊத்த வுடாத மாதிரி. ஞாயிறு அன்னிக்கு உனக்குத்தான் பட்டினி.

நான் இன்னும் பாக்கறனான்னா கேக்கற? ஆமாண்டா, பாக்கறேன். இந்த வயசுல எனக்குத் தெனம் திட்டறதுக்கு ஒரு ஆளு வேணும். டிவியில அவன் இல்லன்னா, அம்பத்தூர்லேந்து வண்டி ஓட்டிக்கினு நீதான் தெனம் வந்து திட்டு வாங்கணும். பெட்ரோல் வெல கட்டுமா உனக்கு?